வெளிச்சம் விழக்கூடாத மூலை

தௌஃபீக் சாக்கைத் தூக்கி வாசற்படியில் போட்டான். உள்ளே கிடந்த பர்ஸுகள் பொதுக்கென்று ஒன்றன்மேல் ஒன்று சரிந்து அடங்கின.

"என்ன பாபி இது? தூங்கிக்கிட்டே தைச்சீங்களா?"

ஜெனி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். தௌஃபீக் இந்தக் கல்லிச் சந்திலேயே மூக்கொழுக ஓடித் திரிந்தவன்; அண்ணி முறையில் அவளை பாபி என்பான். இப்போது தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் அவன் அப்பா விட்டுப்போன தோல் கார்கானாப் பட்டறையை நடத்துகிறான். அங்கே வெட்டி ஒட்டி வருகிற ஆண்கள் பர்ஸுக்கு ஓரத்தையல் போடுவது ஜெனியின் வேலை. மகள் தவழ்கிற காலத்தில் பிடித்த வேலை. அந்த மகள் இப்போது நாகர்கோவில் ஹாஸ்டலில் இருந்து நர்ஸுக்குப் படிக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஜெனி தைத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதை அவள் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதும் உண்டு.

"எதுக்கு சாக்கோட கொண்டாந்திருக்க?"

"தோல் காபி கலரு. நூலு கறுப்பு. எல்லாத்துலயும்."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சால? காபித் தோலுக்குக் காபி நூலுதான் போட்டேன். நூல்கண்டைத் தூக்கிப் பிடிச்சு, தோலோட சேத்து வச்சுப் பாத்துல்லா போட்டேன்."

தௌஃபீக் சண்டைக்கு நிற்கவில்லை. ஒரு பர்ஸை எடுத்து, அவள் கையில் வைத்து, கல்லிக்கு வரும்படி தலையை ஆட்டினான். இரண்டு பக்கத்து வீட்டுத் தகரங்களுக்கும் நடுவே ஒரு முழம் வானம் தெரிகிற இடம். அந்த வெளிச்சத்தில் பர்ஸைத் திருப்பினாள். காபித் தோலின் ஓரம் நெடுகக் கறுப்பெறும்பு ஊர்வது மாதிரித் தையல்.

திரும்ப வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். நூல் தோலோடு தோலாக மறைந்துவிட்டது. கல்லிக்கு வந்தாள். எறும்பு. உள்ளே போனாள். ஒன்றுமில்லை.

தௌஃபீக் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"வீடு ஹீரோயின் பெட்ரூம் மாதிரி ஆயிடுச்சு பாபி. இதுல டூயட் பாடலாம். தைக்க முடியுமா?"

"சிரிக்காதல. செருப்பு பிஞ்சிரும்."

"சிரிக்கல. எனக்கு மேல உள்ள பார்ட்டி என் தோல உரிக்கிறான். சனிக்கிழம சாயங்காலம் மால் போயாகணும், மொத்த சரக்கும். பிரிச்சு மறுபடி தைச்சுக் கொடுங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, இனிமே லாட்டெல்லாம் கோகிலவாணிக்குப் போவும். நான் என்ன பண்ண?"

கோகிலவாணி அடுத்த கல்லிக்காரி. புது மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவான் என்று தௌஃபீக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறவள். ஒரு லாட் அவள் கைக்குப் போனால் அப்புறம் திரும்பி வராது.

"வேற எவளுக்கும் போகாது. சனிக்கிழம வந்து எடுத்துக்க."

சொல்லிவிட்டாள். ஆனால் பிரித்துத் தைப்பது என்றால் சும்மாவா? துணியில் ஊசி போட்ட ஓட்டை ஒரு தேய் தேய்த்தால் மூடிக்கொள்ளும். தோலில் போட்ட ஓட்டை போட்டதுதான். நூலை உருவிவிட்டு, அதே ஓட்டையில் மறுபடி ஊசி இறங்க வேண்டும். மயிரிழை விலகினாலும் புது ஓட்டை விழும், பர்ஸ் குப்பைக்குப் போகும். சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டி, ஓட்டை ஓட்டையாகப் பார்த்து இறக்குகிற வேலை. அதற்கு வெளிச்சம் வேண்டும். வெள்ளை வெளிச்சம்.

அதுதான் இந்த வீட்டில் இல்லை.

* * *

அவள் புருஷன் சேசுராஜ் பாதி ஆயுசை ஏணி மேல் கழித்தவன். செம்பூரிலும் ஐரோலியிலும் கட்டுகிற பெரிய பிளாட்டுகளில் கூரைக்குக் கீழே பால்ஸ் சீலிங் போட்டு, அதற்குள் லைட்டுப் பொருத்துகிற வேலை. அண்ணாந்தே நின்று கழுத்து ஒரு பக்கம் திரும்பாமல் போய்விட்டது. யாரிடம் பேசினாலும் உடம்போடு திரும்புவான். கண்ணில் சுண்ணாம்பு, தலையில் பிளாஸ்டர் தூள், கூலியில் பாதியைக் காண்ட்ராக்டர் முழுங்குவான். இந்த வருஷம் அவனுக்கு ரோஷம் வந்தது. இனிமேல் நமக்கு நாமே காண்ட்ராக்டர் என்று முடிவு கட்டினான்.

ஆபீஸ் கிடையாது. பார்ட்டிக்கு எதைக் காட்டுவது? வீட்டையே சாம்பிள் ஆக்கிவிட்டான்.

ஜெனி மகளை ஹாஸ்டலில் விடுவதற்காக ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் செய்தான். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வேறு வீடு. இருந்த ஒற்றை அறைக்குக் கீழிறங்கிய வெள்ளைச் சீலிங், அதன் விளிம்பில் ஒளிந்துகொண்டு தேன் ஒழுகுகிற மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம். கட்டில் பக்கத்துச் சுவரில் கல் பதித்த மாதிரி ஒட்டுத்தாள், மேலிருந்து அதைத் தடவிக்கொண்டு இறங்கும் மூன்று சின்ன லைட்டு. மெஷின் இருந்த மூலைக்குக் குறுக்கே சாம்பல் நிறத் திரை. கல்யாணம் ஆன நாளிலிருந்து சுவரில் கிடந்த நாலடி டியூப்லைட்டைக் காணவில்லை.

"எப்பிடிட்டி இருக்கு?" என்றான், புதுமாப்பிள்ளை மாதிரி.

பொய் சொல்லக் கூடாது. முதல் நாள் அவளுக்கும் பிடித்திருந்தது. கண்ணாடியில் முகம் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்பில்லை. சோறு போட்டால் தட்டுகூட ஓட்டல் தட்டு மாதிரி இருந்தது.

"ஓதமடிச்ச செவுரு எங்க போச்சு?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் குளித்துக் கழுவுகிற மோரித் தண்ணி ஊறி ஊறி மேற்குச் சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் படம் எழுதியிருக்கும்.

"அங்கனதான் இருக்கு. உனக்குத் தெரியலல்லா? அதாம் வேலை." அவன் விரலைத் தூக்கினான். "வெளிச்சத்த எங்க போடணும்னு எந்தக் கழுதைக்கும் தெரியும். எங்க விழக் கூடாதுன்னு தெரியணும். செம்பூர்ல ஒரு டிசைனரு சொன்னாரு. சிலிண்டர் இருக்க எடம், பாத்திரம் இருக்க எடம், ஓதம், உன் மெஷின் கெடக்க மூலை, இங்கெல்லாம் விழவே கூடாது. மீதிய மட்டும் காட்டு, குடிசையும் பங்களாதாம்."

அன்றைக்கு அது அவள் காதில் ஏறவில்லை. நாள் போகப்போகத்தான் ஏறியது. அரிசியில் கல் தெரியவில்லை. மீன் செவுளைத் தூக்கிப் பார்த்தால் எல்லா மீனும் இப்போதுதான் பிடித்த மாதிரிச் செக்கச்செவேல் என்று இருந்தது. சட்டைக் காலரில் அழுக்குத் தெரியாமல் துவைத்து, மறுநாள் ரயிலில் அவன் வெட்கப்பட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் அவர்கள் வீட்டு முறைக்கு வந்தது. சபைப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். ஒருத்திக்கும் எழுத்துத் தெரியவில்லை. ஆளாளுக்கு போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பாடினார்கள்.

"கல்லறைத் திருநாள் ராத்திரி மெழுகுவத்திக்கு நடுவுல உக்காந்த மாதிரில்லா இருக்கு," என்றாள் ஏஞ்சலம்மாள். வயசானவள், வாய் நீளம். "ஏட்டி ஜெனி, ஒரு லாபம். உன் வீட்ல ஜெபம் பண்ணக் கண்ணை மூட வேண்டியதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெனியும் சிரித்தாள். சிரித்த வாயோடு பல்லையும் கடித்தாள்.

மெஷினுக்கு மட்டும் ஒரு லைட்டு வேண்டும் என்று கேட்டபோது சேசுராஜ் ஒன்று மாட்டிக் கொடுத்தான். அதுவும் மஞ்சள். "ரூமுக்குள்ள ஒரு வெள்ள லைட்டு இருந்தாப் போதும், அத்தன மஞ்சளையும் கொன்னு போடும்," என்றான். அந்த மஞ்சளில்தான் அவள் நூலையும் தோலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. நம்பித் தைத்தாள்.

* * *

தௌஃபீக் போன அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த சேசுராஜுக்கு முன்னால் சாக்கைக் கவிழ்த்தாள்.

"பாருங்க. உங்க டிசைனு செஞ்ச வேலய."

விஷயத்தைக் கேட்டான். ஒரு பர்ஸை எடுத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தான்.

"கவனமா பாத்திருக்கலாம்லா."

"எதை வச்சுப் பாக்க? கண்ணைப் பிடுங்கிட்டுக் கவனமா பாருங்கியளோ? என் டியூப்லைட்ட எங்க தூக்கிப் போட்டிய?"

"மேல சீலிங்குக்கும் பழைய மாலாப் பரணுக்கும் நடுவுல கெடக்கு. இப்ப அதக் கேக்காத. சனிக்கிழம சுஷ்மா மேடம் வருதாவ."

சுஷ்மா மேடம் செம்பூர்க்காரி. மூன்று பெட்ரூம் பிளாட்டு முழுக்க லைட்டை மாற்றப் போகிறவள். போனில் படம் பார்த்துவிட்டு, நேரில் பார்க்க வேண்டும் என்றாளாம். தாராவிக்குத் தோல் பேக் வாங்க வருவதுண்டு, அப்படியே வந்து பார்க்கிறேன் என்றாளாம்.

"அது கெடச்சா நான் எவன்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். அதுவரைக்கும் பொறுத்துக்க. கல்லி முக்குல உள்ள பேராச்சி மைனி வீட்ல வச்சுத் தையி."

"சும்மாடு கட்டி மெஷினத் தலையில தூக்கிட்டுப் போகவா?"

"நான் தூக்கி வைக்கேன்."

அவன் தூக்கி வைக்கவில்லை. மறுநாள் காலையில் பேராச்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு விக்ரோலியில் தங்கச்சி மகள் சடங்குக்குப் போய்விட்டாள். ஜெனி கல்லியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பகல் முழுக்க நூல் உருவினாள். போகிறவன் வருகிறவன் முழங்கால் எல்லாம் முகத்தில் இடித்தது. தைப்பதற்கு மெஷினை வெளியே இழுக்கலாம் என்று நினைத்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. ஜூலை மழை. தோலில் தண்ணி பட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். உள்ளே வந்து மஞ்சளுக்குக் கீழே உட்கார்ந்தாள். ஓட்டை தெரியவில்லை. ஊசி ஒரு ஓட்டையைத் தவறவிட்டது. அந்தப் பர்ஸைச் சுவரைப் பார்த்து வீசினாள்.

சனிக்கிழமை, சேசுராஜ் பார்ட்டிக்குக் காட்ட வயர் சாம்பிள் வாங்க மாட்டுங்கா போயிருந்தபோது, அவள் ஸ்டூலின் மேல் பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி, சீலிங்கின் இடைவெளிக்குள் கையை விட்டுத் துழாவினாள். டியூப்லைட் தன் தகரப் பட்டியோடு கிடந்தது. எலிப் புழுக்கையும் தூசியும் முகத்தில் கொட்டியது. துடைத்து இறக்கி, பழைய டேபிள் பேனின் வயரை அறுத்து அதன் வயரோடு முறுக்கினாள். வயரில் சுற்றுகிற கறுப்புப் பட்டியை எங்கே வைத்திருக்கிறான் என்று தெரியவில்லை. மகள் விட்டுப்போன முதலுதவிப் பெட்டியில் இருந்த பிளாஸ்திரியைச் சுற்றினாள். மெஷினுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்து பிளக்கைச் செருகினாள்.

ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு டியூப்லைட் எரிந்தது. சோக்கு கொய்யென்று முனகியது. காபி காபியாக இருந்தது. கறுப்பு கறுப்பாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுச் சக்கரத்தை உருட்டினாள்.

* * *

நாலு பர்ஸ் மிச்சம் இருந்தபோது சேசுராஜ் ஓடி வந்தான். தலையெல்லாம் மழை.

"வந்துட்டாவ. ரோட்ல கார் நிக்கி. இதென்னட்டி இது? அணை, அணை!"

"தௌஃபீக்கு இப்ப வந்துருவான். மிச்சத்த முடிச்சிருதேன்."

"ஒத்த வெள்ள லைட்டு மொத்தத்தையும் நாசமாக்கும்னு சொல்லியிருக்கம்லா?" அவன் குரல் உடைந்தது. "கா மணி நேரம். திரைய இழுத்து விட்டுட்டு உள்ளயே இரு. மெஷின் சத்தம் வேண்டாம். இத்தன வருசம் எவன் எவனுக்கோ ஏணி தூக்கினேன். இது ஒண்ணு எனக்குன்னு வருது ஜெனி."

பெயரைச் சொன்னான். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மருத்துவமனையிலும் சாவு வீட்டிலும்தான்.

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

பிளக்கைப் பிடுங்கினாள். திரைக்குப் பின்னால் இருட்டு. முழங்கால் மெஷினில் முட்ட, மடியில் பர்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சுஷ்மா மேடம் இந்தியில் பேசினாள். குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவர்களின் குரல்.

"அடடே. இது தாராவி என்று யாராவது சொல்வார்களா?"

"எல்லாம் லைட்டு மேடம்."

"சின்ன ரூம்தான். ஆனால் பெரிதாகத் தெரிகிறதே, எப்படி?"

"மூலைய இருட்டுல விட்டிருக்கேன் மேடம். ரூமு எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியாது."

"அழகு. மனசுக்கு எவ்வளவு அமைதியாக இருக்கிறது. அந்தத் திரைக்குப் பின்னால்?"

"ஸ்டோர் ஹை, மேடம்."

ஜெனி அசையவில்லை. ஸ்டோர். பிடி உடைந்த பக்கெட், பாதிச் சிமெண்ட் மூட்டை, அறுந்த செருப்பு. அதோடு அவள். சரி, பார்ட்டி முன்னால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பான், போகட்டும் என்று விட்டாள்.

"நல்ல யோசனை," என்றாள் மேடம். "எங்கள் வீட்டில் வேலைக்காரப் பெண் உட்கார்ந்து துணி தேய்க்கிற இடம் ஹாலிலிருந்து நேராகத் தெரியும். விருந்தாளி வந்தால் ஒரு மாதிரி இருக்கிறது. இதே போலத் திரை போட்டு, அந்தப் பக்கம் வெளிச்சம் போகாமல் செய்ய முடியுமா?"

"ஹோ ஜாயேகா, ஆயிரும் மேடம்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவன். குரலில் பெருமை வேறு. "உள்ள ஆள் உக்காந்திருக்கதே தெரியாது. அப்பிடிப் பண்ணித் தாரேன்."

ஜெனிக்கு, செம்பூரில் இஸ்திரிப் பெட்டியோடு இருட்டில் உட்காரப்போகிற, முகம் தெரியாத அந்தப் பெண்ணின் முழங்காலும் தன் முழங்காலும் ஒரே இடத்தில் இடிப்பது மாதிரி இருந்தது. அவள் கை தானாகக் கீழே போய் பிளக்கைத் தேடியது. செருகினாள்.

டியூப்லைட் சிமிட்டியது. அடங்கியது. மறுபடி சிமிட்டி, பளீரென்று பிடித்துக்கொண்டது.

திரைக்கு மேலும் கீழும் பக்கத்திலும் வெள்ளை வழிந்து அறைக்குள் பாய்ந்தது. தேன் வெளிச்சம் செத்தது. மேற்குச் சுவரில் ஓதம் தன் பச்சையும் கறுப்புமாக எழுந்து நின்றது. சிலிண்டர் வந்தது, அடிப்பிடித்த பாத்திரங்கள் வந்தன, கொடியில் தொங்கின பாவாடை வந்தது. கல் சுவர் என்று நின்றது வெறும் ஒட்டுத்தாள், ஒரு ஓரம் பிரிந்து தொங்கியது. நடுவில் சேசுராஜ், வாயைப் பிளந்துகொண்டு, புருவத்தில் பிளாஸ்டர் தூளோடு.

ஜெனி திரையை இழுத்த இழுப்பில் வளையம் நாலு தெறித்து விழுந்தன.

"நமஸ்தே மேடம்," என்றாள், தன் தாராவி இந்தியில். "ஸ்டோர்ல இருக்கது நான்தான்."

சுஷ்மா மேடம் ஒரு அடி பின்னால் போனாள். "ஓ... நீங்கள்..."

"உங்க வீட்ல தேய்க்கிற பொண்ணுக்கும் கண்ணு இருக்கு மேடம். இருட்டுல உக்கார வச்சுத் தேய்க்கச் சொன்னா உங்க சேலைதான் கருகும்."

மேடம் சிரிக்கப் பார்த்தாள். முகத்தில் பாதிதான் சிரித்தது. அவள் கண் ஜெனியின் மடியில் கிடந்த பர்ஸுக்குப் போய், தன் தோளில் புதிதாகத் தொங்கிய தோல் பேக்குக்குப் போய், கதவுக்குப் போனது. "போன் பண்ணுகிறேன் சேசு பாய்," என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு கல்லியில் இறங்கினாள்.

சேசுராஜ் அவள் பின்னால் முக்குவரை போய்விட்டு வந்தான்.

"சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேட்டி, பாவி."

"நான் போட்டேனா? என் சோத்துல நீங்க மஞ்சத் தண்ணிய ஊத்துனியளே, அதுக்கு என்ன பேரு?"

"கா மணி நேரம் உன்னால இருக்க முடியலியா? என் கழுத்தப் பாத்தியா? திரும்புதா இது? எதுக்காக இந்தப் பாடு பட்டேன்?"

"உங்க கழுத்து எனக்குத் தெரியும். தைலம் தேச்ச கை இதுதான். பொண்டாட்டி உள்ள தைக்கான்னு சொல்லியிருந்தா நாக்கு அழுகிப் போயிருக்குமா? ஸ்டோராம்லா ஸ்டோரு."

"பெரிய எடத்து ஆளுக முன்னால எப்பிடிச் சொல்லச் சொல்லுத?"

"அந்தப் பெரிய எடம் தோள்ல மாட்டியிருந்த பேக்க எவ தைச்சான்னு நெனச்சிய? ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு? என்னை மாதிரி ஒருத்திதான் எங்கனயோ குனிஞ்சு கெடந்து தைச்சிருப்பா. அவளையும் மறைங்க. அந்தத் தேய்க்கிறவளையும் மறைங்க. எல்லா வீட்லயும் போய் எல்லாவளையும் மறைச்சுட்டு வாங்க. நல்ல தொழிலு."

அவன் டியூப்லைட்டைப் பிடுங்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

ஜெனி நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்தாள். "தொட்டுப் பாருங்க. உங்க சீலிங்குல ஒளிஞ்சிருக்க லைட்டு அம்புட்டையும் துண்டு துண்டா நறுக்கிருவேன். ஏறத் தெரியாதுன்னு நெனைக்காதிய. காலையில ஏறினேன்."

நீட்டின கை நின்றது. அவள் கத்தரியைப் பார்த்து நின்றதா என்றால் இல்லை. அவன் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சுருங்கியது. குனிந்தான்.

"எவன் போட்ட ஜாயிண்டு இது?"

"ஸ்டோர்ல இருக்கவ போட்டது."

"பிளாஸ்திரியாட்டி சுத்தியிருக்க? வயருக்கு என்ன புண்ணா? கீழ மழைத் தண்ணி ஒழுகிக் கெடக்கு. இதுல கால வச்சிருந்தியன்னா இந்நேரம் போய்ச் சேந்திருப்ப."

"சேந்தா என்ன? மூலை காலியாயிருக்கும். மேடத்துக்குக் காட்ட வசதி."

அவன் தரையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். பையைத் திறந்து கறுப்புப் பட்டியையும் கட்டிங் பிளேயரையும் வெளியே போட்டான். "பிளக்கப் பிடுங்கு."

"எதுக்கு?"

"கரண்டோடயா கட்டச் சொல்லுத? புருசனும் சாகணும்னு ஆசையா?"

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். அதை அவன் பக்கம் கொடுக்கவில்லை, கீழேயும் போடவில்லை. கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். மறுபடி மஞ்சள் வந்து அறையில் படர்ந்தது. மூலைக்கு மட்டும் வரவில்லை. அங்கே வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவன், இப்போது அதற்குள் மண்டியிட்டு வயரைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். தூரப் பிடித்தான். எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு போகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"போன்ல டார்ச்சப் போட்டுப் பிடி."

"மாட்டேன்."

"பிடிட்டி."

"இந்த மூலையில வெளிச்சம் விழக் கூடாதுல்லா? டிசைனு கெட்டுப் போவும்."

அவன் அவளைப் பார்த்தான். கழுத்துத் திரும்பாததால் உடம்போடு திரும்பிப் பார்த்தான். அவள் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காது. தன் போனை எடுத்து, டார்ச்சைப் போட்டு, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான். பிளாஸ்திரியைப் பிய்த்தான். வாய்க்குள் அவளைத் திட்டிக்கொண்டே, பழைய முறுக்கை வெட்டி எறிந்து, கம்பியைப் புதிதாகச் சீவி, முறுக்கி, பட்டி சுற்றினான். கோபத்திலும் அந்தக் கை ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை. பிறகு டியூப்லைட்டைத் தூக்கி, பழைய ஆணி இருந்த இடத்தில், மெஷினுக்கு நேர் மேலே, சுவரில் மாட்டினான்.

"சாய்ச்சு வச்சா விழுந்து உடையும்," என்றான் சுவரைப் பார்த்து.

அவள் பிளக்கைச் செருகினாள்.

"மேடம் இனிமே போன் பண்ண மாட்டாவ," என்றான். கட்டிலில் உட்கார்ந்து, எதிரே இருந்த ஓதச் சுவரை முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பண்ணினா, தேய்க்கிறவளுக்கு ஒரு வெள்ள லைட்டு போடணும்னு சொல்லுங்க. மாட்டேன்னா அந்த வேலையே வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்லுவேன், சொல்லுவேன். உன்னைக் காண்ட்ராக்டராப் போட்டு அனுப்புதேன், நீயே சொல்லு."

கல்லி முக்கில் தௌஃபீக்கின் குரல் கேட்டது. "பாபி! மால் ரெடியா?"

"நாலு இருக்கு. வந்து உக்காருல!"

அறுந்து தொங்கின திரையை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். நாலாக மடித்து, தோல் துணுக்கு விழுவதற்காக மெஷினுக்கு அடியில் விரித்தாள். காபி நூலைக் கோத்தாள். முதல் ஓட்டை நன்றாகத் தெரிந்தது. ஊசியை இறக்கினாள்.